வைக்கலாமா என்று கேட்கும் வேலை

செல்வி, குமார், இதை உங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். குமாருக்குப் படிக்கப் பொறுமை இருக்காது, தெரியும். ஆனாலும் கடைசி வரைக்கும் படி.

போன வாரம் செல்வி சென்னையில் இருந்து போன் பண்ணினாள். அவள் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் புதிதாக ஒரு கட்டில் வந்திருக்கிறதாம். அதில் படுத்தால் அடியில் இருக்கிற ஸ்பீக்கரில் இருந்து ஓசை வந்து உடம்பெல்லாம் அதிருமாம். பக்கத்தில் ஆள் கிடையாது. பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவார்களாம்.

“அப்பா, நீங்க பதினாறு வருசமா செஞ்ச வேலைய இங்கன ஒரு கட்டில் செய்யுது,” என்றாள்.

“நல்லா இருந்துச்சாட்டி?”

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலப்பா.”

பிறகு, வேலையில் நடந்ததையெல்லாம் எழுதி வையுங்கள் என்றாள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டாள். “ஏழாங் கிளாஸ் வரைக்கும் என்னப் பூசணி பூசணின்னுதான் கூப்பிட்டிய. ஒரு நாள் திடீர்னு நிறுத்திட்டிய. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன், அதான் கோவம்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். என்னப்பா நடந்துச்சு?”

எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். இலத்தூரில் நமக்கு இருந்த வயல் நாலு பேர் சாப்பாட்டுக்குக் காணாது. அதனால் குற்றாலத்துக்குப் போய் அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் பண்ணுகிறவர்களோடு சேர்ந்தேன். பதினாலு சாரல் சீசன் அங்கே போனது. அங்கே கை பேசுகிற அளவுக்கு வாயும் பேச வேண்டும். வெளியூர் ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு நிற்பார்கள். நாலு கேலி பேசினால்தான் சிரித்து, உடம்பைத் தளர்த்திப் படுப்பார்கள்.

“அண்ணாச்சி, இது முதுகா, பரோட்டாக் கல்லா?” என்பேன். “இந்த வயித்துக்குப் பஸ்ல தனியா டிக்கெட் எடுக்கணும்லா?” என்பேன். அவர்களும் சிரிப்பார்கள், கூட வந்தவர்களும் சிரிப்பார்கள். என் வாய்க்காகவே அடுத்த வருசம் தேடி வந்தவர்கள் உண்டு.

அந்தக் கரையில் எல்லாரும் டவுசரோடோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டோ நிற்பார்கள். நான் மட்டும் நனைந்த முழுப் பேன்ட்டோடு நிற்பேன். ‘பேன்ட்டுக்கார அண்ணாச்சி’ என்றே எனக்குப் பெயர். ஏதோ ஸ்டைல் என்று நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் வேட்டியை மடித்துக் கட்டி நீங்கள் ரெண்டு பேரும் பார்த்ததே கிடையாது. யோசித்துப் பாருங்கள்.

பிறகு தோப்புக்கு வந்தேன். தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் டாக்டரம்மா ஒரு இயற்கை வைத்திய நிலையம் நடத்தினார். என்னைவிட எட்டு வயது இளையவர். செங்கோட்டைக்காரர், பேச்சில் மலையாளம் கொஞ்சம் கலந்து வரும். எண்ணெய்த் தேய்ப்புக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் படிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, நகத்தைப் பார்த்தார். “நகம் சுத்தமா இருக்கு. நாளைக்கு வாங்க அண்ணாச்சி,” என்றார். சாரல் பொய்த்தாலும் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஒரு வார்த்தையால்தான்.

மூன்றாவது மாதம் உடம்பு மேல் வைத்துத் தட்டி ஓசை எழுப்புகிற வெண்கலக் கிண்ணம் ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கியது. கேரளாவில் இருந்து ஒருவர் வந்து நாற்பது நாள் சொல்லிக் கொடுத்தார். அதில் முதல் இருபது நாள், நான் பழகி வைத்திருந்ததை மறக்கவே சரியாகிவிட்டது. தேய்த்துப் பழகிய கை ஓங்கித்தான் அடிக்கும். பெண்களுக்குச் செய்வதற்கு இருந்த பேச்சியம்மாள் காதைப் பொத்திக்கொள்வாள்.

“அண்ணாச்சி, நீங்க அடிக்க அடியில குத்தாலநாதரே எந்திரிச்சு வந்துருவாரு போல.”

அந்த வேலை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். நீங்கள் சின்னப் பிள்ளையாக வீட்டுப் பாயில் படுத்து எனக்கு ஒத்திகைக்கு உதவினீர்கள். ஆனால் முழுசாகப் பார்த்ததில்லை.

முதலில் வந்தவரை உட்கார வைத்துப் பேச வேண்டும். காய்ச்சல் உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஆனதா, இருதயத்துக்குக் கருவி வைத்திருக்கிறதா, பெண்கள் என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இதில் ஏதாவது இருந்தால் டாக்டரம்மா பார்த்துச் சொல்லாமல் தொடக் கூடாது. பெல்ட், சாவி, செல்போன் எல்லாம் வெளியே வைத்துவிட வேண்டும். உடுப்பைக் கழற்ற வேண்டியதே இல்லை. போட்ட துணியோடு மெத்தையில் குப்புறப் படுத்தால் போதும். மேலே ஒரு பருத்திப் போர்வை. கிண்ணத்தை முதலில் உள்ளங்கால் மேல் வைக்க வேண்டும், பிறகு கெண்டைக்கால், இடுப்பு, முதுகு. அப்புறம் திரும்பிப் படுக்கச் சொல்லி வயிறு, நெஞ்சு. தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

நுனியில் கம்பளி சுற்றிய கட்டையால் ஒரு தட்டு. பலமாக இல்லை, தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. ஓசை எழும்பி, உடம்புக்குள் இறங்கி, சன்னமாகி, இல்லாமல் போகும். முழுக்க இல்லாமல் போன பிறகுதான் அடுத்த தட்டு. நான் அவசரப்பட்டால் டாக்டரம்மா பின்னால் இருந்து, “மதி அண்ணாச்சி, தீரட்டும், கேட்டோ,” என்பார். கிண்ணத்துக்குப் பக்கத்தில் கையை வைத்தால் அந்த அதிர்வு எங்கே முடிகிறது என்று தெரியும். அங்கே காத்திருக்க வேண்டும். வேலையில் பாதி இந்தக் காத்திருப்புதான்.

டாக்டரம்மா ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு இடத்திலும் கிண்ணம் வைக்கும் முன்னால், “இங்க வைக்கலாமா?” என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் ‘சரி’ என்று சொல்லி அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. எனக்கு இது வெட்டிச் சடங்காகத் தெரிந்தது. காசு கொடுத்துப் படுத்தவன் வேண்டாம் என்றா சொல்லப்போகிறான் என்று நினைத்து, பல நாள் கேட்காமலே வைத்திருக்கிறேன்.

இன்னொன்றிலும் அவர் கறார். இதனால் நோய் தீரும் என்று யாராவது சொன்னால் விடமாட்டார். “மனசு இறுக்கம் தளரும், ஒறக்கம் வரும், ஒடம்போட கொஞ்சம் சமாதானமா இருக்கலாம். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க,” என்பார்.

இப்போது ஆலங்குளத்துத் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஆபீஸில் வேலை பார்த்தார், இருபத்தெட்டு வயதிருக்கும். ரெண்டு மாதத்தில் கல்யாணம். தூக்கம் போய்விட்டது, நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரம்மாவிடம் வந்திருந்தார். அவர் பார்த்துப் பேசிவிட்டு என் அறைக்கு அனுப்பினார்.

வெளியே நல்ல சாரல். தம்பி குடையை மடக்கிக் கதவோரம் சாத்திவிட்டு வந்து நின்றார். பனியனுக்கு மேல் ஒரு டி-சர்ட், அதற்கு மேல் சட்டை, அதுவும் தொளதொளவென்று. அருவிக்கரைப் புத்தி எனக்குப் போகவில்லை.

“என்ன தம்பி, கம்பளிக்கடையவே மாட்டிக்கிட்டு வந்திருக்கிய? கழத்துங்க, கழத்துங்க,” என்றேன்.

கழற்ற வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் கழற்றச் சொன்னேன். அவர் தயங்கினார். பெரியவன் சொல்கிறேனே என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். சில ஆண்களுக்கு நெஞ்சில் சதை பெண்களுக்கு மாதிரி இருக்கும், அவருக்கும் அப்படித்தான். கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார். அவரைச் சிரிக்க வைத்தால் கூச்சம் போய்விடும் என்று நினைத்தேன். அது சத்தியம்.

“மாப்ள ரொம்பத்தான் முன்யோசனை. பொறக்கப்போற பிள்ளைக்குப் பால் குடுக்க நீங்களும் ரெடியாயிட்டியளே!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சட்டையை மட்டும் மாட்டினார், பட்டனை மாற்றிப் போட்டார். “போன் வந்துச்சு, இந்தா வாரேன்,” என்று வெளியே போனார். போன் எதுவும் அடிக்கவில்லை. சாரலில் நனைந்துகொண்டே ரோட்டுக்கு நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குடை கதவோரத்திலேயே இருந்தது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. “ஒம்ம வாயில கொள்ளிய வைக்க, என்ன பேச்சு பேசிட்டீரு அண்ணாச்சி!” என்றாள். அவள் என்னை ‘நீர்’ போட்டுப் பேசியது அன்றைக்கு ஒருநாள்தான்.

டாக்டரம்மா கூப்பிட்டார். அவர் திட்டமாட்டார். நாம் நின்றால் அவரும் நின்றுகொண்டே பேசுவார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் கேட்டார்.

“அவரு சிரிச்சாரா அண்ணாச்சி?”

“சிரிச்சாரு அம்மா.”

“அப்போ ஏன் குடைய விட்டுட்டுப் போனாரு?”

“அம்மா, நான் ஆலங்குளம் போயி குடையக் குடுத்துட்டு, மன்னிப்புக் கேட்டுட்டு வந்துருதேன்,” என்றேன்.

“ஆபீஸ்ல நாலு பேரு இருப்பாங்க. நீங்க யாரு, எதுக்கு மன்னிப்புன்னு கேப்பாங்க. அவரு என்ன சொல்லுவாரு? வேண்டாம். நான் போன் பண்ணிப் பேசுதேன். நீங்க நாளைக்குக் காலைல வந்து மெத்தையில படுங்க.”

மறுநாள் படுத்தேன். என் மேல் போர்வையை விரித்து டாக்டரம்மாவே கிண்ணத்தை எடுத்தார். “இடது காலில வைக்கலாமா?” என்று கேட்டார். சரி என்றேன். வைத்தார், தட்டினார், ஓசை தீரும் வரை காத்திருந்தார். பிறகு, “வலது காலில வைக்கலாமா?”

மக்களே, என் வலது கால் சூம்பின கால். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் முட்டிக்குக் கீழே சதை பிடிக்காமல் போய்விட்டது. நடையில் பெரிதாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ‘நண்டுக்கால்’ என்பார்கள். அதனால்தான் பேன்ட். அதனால்தான் வேட்டியை மடிப்பதில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு உங்கள் அம்மாவைத் தவிர யாருக்கும் நான் காட்டியதில்லை. போர்வையும் வேட்டியும் மேலே கிடக்கிறது, டாக்டரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் காலை ஒடுக்கிக்கொண்டேன். ஊரார் உடம்பையெல்லாம் கேலி பேசினவன் ஒரு போர்வைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன்.

“வேண்டாம்மா,” என்றேன்.

“சரி,” என்றார்.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. குனிந்து பார்க்கவில்லை. கிண்ணத்தை எடுத்து இடுப்புக்குப் போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் வேண்டாம் என்று சொல்லி, ஒருவர் வெறும் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. மெத்தையில் முகத்தை அமுக்கிக்கொண்டு அழுதேன். அவருக்குத் தெரிந்திருக்கும். ஓசை தீரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி காத்திருந்தார்.

தம்பி ஒன்பது நாள் கழித்து வந்தார். டாக்டரம்மா என்ன பேசினார் என்று தெரியாது. குடையை எடுத்துக்கொண்டு போக வந்ததாகத்தான் வாசலில் சொன்னார். நான் குடையை எடுத்து நீட்டினேன்.

“தம்பி, நான் சொன்னது பெரிய தப்பு. ஒங்கள சட்டையக் கழத்தச் சொல்லியிருக்கவே கூடாது. இந்த வேலைக்கு அது வேண்டாம். நாலு சட்டை போட்டுக்கிட்டும் படுக்கலாம். என் முகத்துல முழிக்கப் பிடிக்கலேன்னா, டாக்டரம்மாகிட்டச் சொல்லி வேற ஆள ஏற்பாடு பண்ணச் சொல்லுதேன்.”

அவர் குடையை வாங்கிக்கொண்டார்.

“நீங்களே செய்யுங்க அண்ணாச்சி. நீங்க ஏற்கனவே பாத்தாச்சு. புதுசா இன்னொரு ஆளு பாக்க வேண்டாம்.”

அந்த வார்த்தை என்னை அறைந்த மாதிரி இருந்தது. நான் அதற்குத் தகுதியானவன்தான்.

வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தார். ரெண்டாவது வாரம்தான் விசயம் சொன்னார். பெண் வீட்டார் பண்பொழிப் பக்கம். அவர்கள் வழக்கப்படி மலைக்கோவிலில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை சட்டை போடக் கூடாது, வேட்டியும் துண்டும்தான். முந்நூறு பேர் முன்னால், போட்டோவும் வீடியோவும் எடுக்க, துண்டு எத்தனை நேரம் நிற்கும்? காலேஜில் அவரைக் கூப்பிட்ட பெயரை எனக்குச் சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன். கல்யாணத்தையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றார். டாக்டரம்மா அவரைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். பயப்பட ஒன்றுமில்லை, பிறகு வேண்டுமானால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார்கள். ஆனால் கல்யாணத்துக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஒவ்வொரு தடவையும் அவர் மல்லாந்து படுத்த பிறகு கேட்பேன்.

“நெஞ்சுல வைக்கலாமா தம்பி?”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“சரி.”

காலிலும் முதுகிலும் வைத்ததிலேயே தூங்க ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் குறட்டை விட்டார். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, “ஒங்க கிண்ணத்த விட இது சத்தம் கூட,” என்று சைகையில் காட்டினாள். வீட்டிலும் தூக்கம் வருகிறது என்றார். ஆனால் நெஞ்சுக்கு மட்டும் வேண்டாம்தான்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, வழக்கம் போலக் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் கிண்ணத்தோடு காத்திருந்தேன்.

“வைங்க,” என்றார்.

ரெண்டு சட்டைக்கும் போர்வைக்கும் மேல், நடு எலும்பில், இருப்பதிலேயே சின்னக் கிண்ணத்தை வைத்தேன். தட்டினேன். ஓசை அவருக்குள் இறங்குவது என் கைக்குத் தெரிந்தது. ஒல்லியானவர், குண்டானவர், கிழவர் எல்லாருக்கும் எப்படி இறங்குமோ அப்படியேதான் இறங்கியது. அவர் கண்ணோரம் நீர் வழிந்தது.

“என்னமோ மாதிரி இருக்கு அண்ணாச்சி. இது என் ஒடம்புல வேற யாரோ ஒட்டவச்ச சாமான்னு நெனச்சிட்டுக் கெடந்தேன். இதுவும் நாந்தான் போல.”

அந்த வாரம் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். “கட்டாயம் வரணும்,” என்றார். சட்டை விசயம் என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முகூர்த்தத்தன்று பண்பொழி மலைப்படி ஏறும்போது எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது. வலது கால் பாதி வழியில் வலிக்க ஆரம்பித்தது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். தம்பி மார்பை நிமிர்த்திக்கொண்டு துண்டோடு வந்து உட்கார வேண்டும், நான் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முருகனிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டே ஏறினேன்.

மாப்பிள்ளை பட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை வாரமும் வீணா, அவர் மனதில் என் வாய் போட்ட காயம் ஆறவே இல்லையா என்று ஓரமாக நின்றேன். தாலி கட்டி முடிந்து, வாழ்த்த வந்தவர்களுக்கு நடுவில் என்னைப் பார்த்து அவரே கைகாட்டிக் கூப்பிட்டார். முகம் தெளிவாக இருந்தது. காதோடு சொன்னார்.

“அண்ணாச்சி, போன வாரம் இவகிட்ட நானே எல்லாத்தையும் சொன்னேன். எனக்கு இப்படி இருக்கு, எல்லாரு முன்னாலயும் சட்டையில்லாம உக்கார எனக்கு வேண்டாம்னு சொன்னேன். நீங்க சொல்லுத மாதிரியே சொன்னா.”

“என்னன்னு?”

“சரின்னு. அவுக அப்பாதான் வழக்கம் வழக்கம்னு குதிச்சாரு. ‘அப்பா, அவுக சட்டையோடதான் உக்காருவாக, சரின்னு சொல்லுங்க’ன்னு இவளே முடிச்சு வச்சிட்டா.”

பக்கத்தில் நின்ற அந்தப் பெண் சிரித்துவிட்டு, “மாமா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்,” என்றது.

அடுத்த சாரலுக்கு ரெண்டு பேரும் தோப்புக்கு வந்துவிட்டு ஐந்தருவிக்குப் போனார்கள். அவர் சட்டையோடு குளித்தாரா, கழற்றினாரா என்று பேச்சியம்மாளுக்குத் தெரிந்துகொள்ள ஆசை. நான் கேட்கவில்லை.

செல்வி, உன் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு முடித்து வீட்டுக்கு வந்தேன். நீதான் கதவைத் திறந்தாய். யூனிஃபார்மோடு இருந்தாய், துப்பட்டாவை ரெண்டு தோளிலும் இறுக்கிப் பின் குத்தியிருந்தாய். “என்ன பூசணி” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீ அந்தப் பெயருக்குச் சிரிப்பாய். அந்த ஆலங்குளத்துத் தம்பி சிரித்த மாதிரிதான் சிரிப்பாய். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. “செல்வி, தண்ணி கொண்டா தாயி,” என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். கோபம் இல்லை அம்மா. வெட்கம். உன்னிடம் மன்னிப்புக் கேட்க இவ்வளவு வருசம் ஆகியிருக்கிறது.

போன வருசம் என் இடது காது மந்தமாகிவிட்டது. ஓசை தீருகிற இடம் தெரியாமல், அடுத்த தட்டை முன்னாலேயே தட்டினேன். நானே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு நின்றுகொண்டேன். தம்பியின் நெஞ்சில் வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினார். பத்தாவது படித்தவனை ஒரு மனிதனாக்கி அனுப்பிய அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? இதைப் படித்துவிட்டு நீங்களும் ஒரு போன் போட்டு அவரிடம் பேசுங்கள்.

கிண்ணம் அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நான் பாயில் படுக்கிறேன். செல்வி, நீ அதை என் வலது காலில் வைக்க வேண்டும். கேட்டுவிட்டு வை. வைக்கச் சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை அந்த நேரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், சரி என்று எடுத்து வைத்துவிடு.